வீட்டிலேயே காகிதக் களிமண் தயாரித்தல்: கூழ் முதல் சூளை வரை

காகிதக் களிமண் தயாரிக்க நான் எடுத்த முதல் மூன்று முயற்சிகளும் வீணாயின. முதல் வாளியில் காகிதம் கரையாமல் செதில் செதிலாக நின்றது. இரண்டாவது வாளியை மூடி வைத்துவிட்டு இரண்டு மாதம் கழித்துத் திறந்தபோது உள்ளே இருந்தது முழுவதும் அழுகியிருந்தது. மூன்றாவது கலவையில் செய்த கலங்கள் நன்றாகவே வந்தன. ஆனால் அவற்றை வாடகைச் சூளையில் வைத்தபோது எழுந்த புகையைப் பார்த்து, இனி இந்த மண்ணைக் கொண்டுவர வேண்டாம் என்று சூளைக்கு உரியவர் சொல்லிவிட்டார். காகிதம் ஒரு தாவரப் பொருள் என்பதை நான் மனத்தில் கொள்ளாததே மூன்றுக்கும் காரணம். அது நீரை உறிஞ்சும், அழுகும், எரியும். இந்த மூன்று இயல்புகளையும் நினைவில் வைத்துக்கொண்டால் கீழே உள்ள ஒவ்வொரு படியும் ஏன் அப்படி அமைந்திருக்கிறது என்பது உங்களுக்குத் தானாகவே விளங்கும்.

1. தொடங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கைவினைப் பொருள் விற்கும் கடைகளில் ‘பேப்பர் க்ளே’ என்ற பெயரில் கிடைக்கும் வெள்ளை நிறப் பொருள் வேறு. அது பசை சேர்த்து, காற்றில் காய்வதற்காகச் செய்யப்பட்டது. அதைச் சூளையில் வைக்கக் கூடாது. இங்கே நாம் தயாரிப்பது உண்மையான களிமண்ணில் காகித நார் கலந்த மண். சூளையில் காகிதம் எரிந்து போய்விட, சுட்ட மண் மட்டும் மிஞ்சும். சுடாமல் விட்டால் நீர் பட்டதும் அது மீண்டும் குழம்பாகிவிடும்.

இந்த மண்ணின் பெரும் பயன், சுடுவதற்கு முந்தைய நிலையில்தான் வெளிப்படுகிறது. நார்கள் மண்ணுக்குள் வலை போலப் பின்னிக்கொள்வதால் பசுமண் கலம் உறுதியாக இருக்கிறது. மெல்லிய தகடுகளைத் தைரியமாகத் தூக்கலாம். முழுவதும் காய்ந்த துண்டோடு ஈரத் துண்டையும், காய்ந்ததோடு காய்ந்ததையும் ஒட்டலாம். பெரிய சிற்பம், மெல்லிய தகடு, விரிசல் பழுது ஆகியவற்றுக்கு இதைவிட உதவியான மண்ணை நான் கண்டதில்லை. சக்கரத்தில் மெல்லிய கிண்ணங்கள் வனைவதுதான் உங்கள் நோக்கம் என்றால் சாதாரண மண்ணே போதும். இவ்வளவு உழைப்பு தேவையில்லை.

செலவைப் பொறுத்தவரை, மண்ணும் காகிதமும் பெரிய தொகையாக வராது. பழைய மண் துண்டுகளையும் வீணான காகிதத்தையும் கொண்டே தொடங்கலாம். செலவு வைப்பவை கலக்கும் கருவி, பிளாஸ்டர் பலகை, மெதுவாகச் சுடுவதால் கூடும் சூளை நேரம் ஆகிய மூன்றும்தான். காலக் கணக்கு இது: மண்ணையும் காகிதத்தையும் ஊற வைக்க ஒரு நாள், கலக்க அரை நாள், பிளாஸ்டரில் நீர் வற்ற ஒன்று முதல் இரண்டு நாள். ஆக, தொடங்கிய நான்காம் நாள் பிசையத் தக்க மண் உங்கள் கையில் இருக்கும். அடுத்த இரண்டு வாரங்களில் அதைப் பயன்படுத்தி முடிக்க வேண்டும் என்பதால், வேலைக்கு நேரம் ஒதுக்கிய பிறகே மண்ணை ஊற வையுங்கள்.

2. மண்ணை முழுவதும் காய வைத்து ஊற வைத்தல்

எந்தக் களிமண்ணையும் பயன்படுத்தலாம். அது எந்த வெப்பத்தில் முதிரும், அதாவது சூளையில் இறுகி முழு வலிமை பெறும் என்பது மட்டும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வாங்கிய மண்ணாக இருந்தால் உறையில் அச்சிட்டிருக்கும் வெப்ப அளவை எழுதி வைத்துக்கொண்டு, அந்த உறையையும் பத்திரப்படுத்துங்கள். சூளைக்குப் போகும்போது அது தேவைப்படும்.

ஈரமான மண் கட்டியை நீரில் போட்டால் அது கரையாமல் நாட்கணக்கில் அப்படியே கிடக்கும். முழுவதும் காய்ந்த மண்ணைப் போட்டாலோ, அதன் நுண்துளைகள் நீரை விரைந்து இழுப்பதால் சில நிமிடங்களிலேயே பொலபொலவென்று உதிரத் தொடங்கும். ஆகவே மண்ணை மெல்லிய துண்டுகளாக வெட்டி, நடுப்பகுதியும் நிறம் வெளிறும் வரை காய விடுங்கள். காய்ந்த மண்ணை உடைக்கும்போது எழும் தூசியில் சிலிக்கா உண்டு. அது நுரையீரலில் தங்கி ஆறாத நோயைத் தரக் கூடியது. மண்ணைத் தடித்த பைக்குள் வைத்து, வெளியிடத்தில், என்95 முகக்கவசம் அணிந்து உடையுங்கள். சிதறியதைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத் துணியால் துடையுங்கள்.

5 கிலோ காய்ந்த மண்ணுக்கு 4 லிட்டர் நீர் என்று தொடங்கலாம். வாளியில் முதலில் நீரை ஊற்றி, அதன் மேல் மண்ணைத் தூவி, கலக்காமல் ஓர் இரவு விட்டுவிடுங்கள். உடனே கலக்கினால் கட்டிகளின் மேற்பரப்பு பிசுபிசுத்து, உள்ளே நீர் போகாமல் தடுத்துவிடும்.

3. காகிதத்தைத் தேர்ந்தெடுத்தல்

புதியவர்களுக்கு நான் சொல்வது டாய்லெட் பேப்பர்தான். நீரில் கரைவதற்காகவே அது செய்யப்பட்டிருப்பதால் வெந்நீரில் சில நிமிடங்களில் கூழாகிவிடும். சமையலறையில் துடைக்கப் பயன்படும் பேப்பர் டவலும், முகம் துடைக்கும் டிஷ்யூவும் பார்வைக்கு அதைப் போலவே இருந்தாலும் ஈரத்தில் கிழியாமல் இருக்கும்படி பிசின் சேர்க்கப்பட்டவை. எவ்வளவு அடித்தாலும் அவற்றில் செதில்கள் மிஞ்சும். என் முதல் வாளியைக் கெடுத்தது இந்தக் குழப்பம்தான்.

செய்தித்தாள் விலையில்லாமல் கிடைக்கும். ஆனால் அதைச் சிறு துண்டுகளாகக் கிழித்து, இரண்டு நாளாவது வெந்நீரில் ஊற வைத்து, நெடுநேரம் அடிக்க வேண்டும். முட்டை அடுக்கும் காகிதத் தட்டுகளும் நன்றாகக் கரையும். வழவழப்பான பத்திரிகைத் தாள்களைத் தவிர்த்துவிடுங்கள். அவற்றின் எடையில் கணிசமான பங்கு நிரப்புத் தூளும் மேற்பூச்சும் என்பதால், நீங்கள் எடை போட்டுச் சேர்க்கும் அளவுக்கு நார் கிடைக்காது. ஓவியக் காகிதம் செய்வோர் பயன்படுத்தும் பருத்தி நார் நீளமானது, வலிமையானது. பெரிய சிற்பம் செய்பவர்களுக்கு அந்தக் கூடுதல் செலவு தகும்.

4. கூழ் தயாரித்தல்

150 கிராம் உலர்ந்த காகிதத்தை 5 அல்லது 6 லிட்டர் வெந்நீரில் போட்டு, அரை மணி நேரம் ஊறிய பின் டிரில்லில் பொருத்தும் கலக்குக் கோலால் ஐந்து நிமிடம் அடியுங்கள். மிக்ஸியைப் பயன்படுத்தினால் ஒரு கைப்பிடி காகிதத்துக்கு ஜாடி நிறைய நீர் இருக்கட்டும். கெட்டியாக அரைத்தால் மோட்டார் சூடேறி எரிந்துவிடும். ஒருமுறை இதற்குப் பயன்படுத்திய ஜாடியை மீண்டும் சமையலுக்குக் கொண்டுபோகக் கூடாது.

கூழ் பதமாகிவிட்டதா என்பதைக் கண்ணாடிக் குவளையில் பார்க்க வேண்டும். ஒரு கரண்டிக் கூழை ஒரு குவளை நீரில் விட்டுக் குலுக்கி, வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். மேகம் போல நீர் முழுவதும் ஒரே சீராகப் பரவியிருந்தால் பதம் சரி. செதிலோ முடிச்சோ தெரிந்தால் மறுபடி அடியுங்கள். இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம் போதும். அதைத் தவிர்த்தால் அந்த முடிச்சுகள் எரிந்துபோன இடத்தில் சுட்ட கலத்தில் குழிகள் தெரியும்.

பிறகு கூழைச் சல்லடையிலோ மெல்லிய துணியிலோ வடித்து, கையால் மெதுவாக அழுத்தி நீரை இறக்குங்கள். சொட்டுச் சொட்டாக வடிவது நின்றதும் நிறுத்திவிட வேண்டும். உருண்டையாக இறுகப் பிழிந்தால் அந்த உருண்டை மண்குழம்பில் பிரியாது.

5. அளவும் கலவையும்

பலரும் அளவைக் கொள்ளளவில்தான் சொல்வார்கள்: மண்குழம்பு மூன்று அல்லது நான்கு பங்கு, பிழிந்த கூழ் ஒரு பங்கு. தொடங்குவதற்கு அது போதும். ஆனால் ஒருவர் லேசாகப் பிழிந்த கூழும் மற்றொருவர் அழுத்திப் பிழிந்த கூழும் ஒரே பாத்திரத்தை நிரப்பினாலும், அவற்றில் உள்ள நாரின் அளவு இரண்டு மடங்கு கூட வேறுபடலாம். நான் அதனால்தான் உலர்ந்த காகிதத்தையே எடை போடுகிறேன். 5 கிலோ காய்ந்த மண்ணுக்கு 150 கிராம் காகிதம் என்பது 3 சதவீதம். தகடு வேலைக்கும் சிறு சிற்பங்களுக்கும் இது ஏற்ற அளவு. சக்கரத்தில் வனைய வேண்டுமானால் பாதியாகக் குறையுங்கள். பெரிய, தடித்த உருவங்களுக்கு 200 கிராம் வரை போகலாம். அதற்கு மேல் சேர்த்தால் மண் பஞ்சு போலாகி, சுட்ட பின் கலம் எடை குறைந்து, நுண்துளை மிகுந்து, எளிதில் உடையும் தன்மை பெற்றுவிடுகிறது.

ஊறிய மண்ணை இப்போது நன்றாகக் கலக்கிக் குழம்பாக்குங்கள். விரலைத் தோய்த்து எடுத்தால் தோலின் கோடுகள் மறையும் அளவுக்குக் குழம்பு பூச வேண்டும். 5 கிலோ மண்ணும் 4 லிட்டருக்குச் சற்றுக் கூடுதலான நீரும் சேர்ந்தால் ஏறக்குறைய 6 லிட்டர் குழம்பு கிடைக்கும். அதில் ஒரு லிட்டர் சுமார் ஒன்றரைக் கிலோ எடை இருக்கும். குழம்பைச் சல்லடையில் வடிப்பதாக இருந்தால் கூழ் சேர்க்கும் முன்பே வடித்துவிடுங்கள். சேர்த்த பின் வடித்தால் நாரெல்லாம் சல்லடையிலேயே தங்கிவிடும்.

கூழைக் கைப்பிடி கைப்பிடியாகப் பிய்த்துப் போட்டுக்கொண்டே கலக்குங்கள். எல்லாம் சேர்ந்த பின் மேலும் பத்து நிமிடம் கலக்குவது நல்லது. ஒரு சிறு டப்பாவில் இந்தக் குழம்பைத் தனியே எடுத்து வையுங்கள். ஒட்டுவதற்கும் விரிசல் நிரப்புவதற்கும் இதுவே உங்கள் பசை. வாளி கழுவிய நீரையும் கூழ் நீரையும் கழிவுநீர்க் குழாயில் ஊற்றாதீர்கள். மண்ணும் நாரும் சேர்ந்து குழாயை உறுதியாக அடைத்துவிடும். வண்டலைத் தெளிய விட்டு, மேல் நீரை மண் தரையில் ஊற்றி, வண்டலை அடுத்த கலவைக்கு வைத்துக்கொள்ளலாம்.

6. பிளாஸ்டரில் நீர் வற்ற வைத்தல்

4 அல்லது 5 சென்டிமீட்டர் தடிப்புள்ள பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பலகை ஒன்று இருந்தால் போதும். அது நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். நெருப்பில் காட்டிக் காய வைத்தால் பிளாஸ்டர் வலுவிழந்து தூளாகும் என்பதால் காற்றிலும் வெயிலிலும் மட்டுமே காய விடுங்கள். குழம்பை இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்பி, ஓரங்கள் பலகையை விட்டு விலகத் தொடங்கியதும் புரட்டிப் போடுங்கள். கையில் ஒட்டாமல் மடங்கும் பதம் வந்ததும் எடுத்துப் பிசையலாம்.

பலகையிலிருந்து மண்ணை உலோகத் தகட்டால் சுரண்டி எடுக்க வேண்டாம். பெயர்ந்த பிளாஸ்டர்த் துணுக்கு மண்ணில் கலந்துவிட்டால், கலம் சுட்ட பிறகு அது காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பருத்து, மேற்பரப்பைச் சில்லாகத் தெறிக்க வைக்கும். ரப்பர் அல்லது பிளாஸ்டிக் தகடு போதும். பிளாஸ்டர் இல்லாதவர்கள் செங்கற்களின் மேல் பழைய பருத்தித் துணியை விரித்துக் குழம்பைப் பரப்பலாம். இரண்டு நாள் கூடுதலாகப் பிடிக்கும், அவ்வளவே.

7. சேமித்தலும் அழுகலும்

ஈரமான காகிதக் களிமண் வெப்பமான பருவத்தில் இரண்டு வாரத்துக்குள் நாறத் தொடங்கும். கருப்புத் திட்டுகளும் பூஞ்சணமும் தோன்றும். சற்று நாறினாலும் மண் கெட்டுவிடாது, சூளையில் எல்லாம் எரிந்துவிடும். ஆனால் நுண்ணுயிர்கள் நாரையே தின்பதால் நாளாக நாளாக வலிமை குறைகிறது. பூஞ்சணம் பிடித்த மண்ணைக் கையுறை இல்லாமல் தொட வேண்டாம். ஒவ்வாமையோ மூச்சிரைப்போ உள்ளவர்கள் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

குழம்பில் சில துளி பிளீச் விட்டால் அழுகல் சில நாள் தள்ளிப்போகும். பிளீச் சேர்த்த மண்ணில் வினிகரையோ வேறு அமிலத்தையோ ஒருபோதும் சேர்க்கக் கூடாது. நச்சுத்தன்மை கொண்ட குளோரின் வாயு வெளிப்படும். மண்ணை ஒட்ட வினிகர் பூசும் பழக்கம் உள்ளவர்கள் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும்.

மீந்த மண்ணை மெல்லிய தகடுகளாகப் பரப்பி முழுவதும் காய வைத்துவிடுவதே நம்பகமான வழி. காய்ந்த தகடு எத்தனை ஆண்டு இருந்தாலும் அழுகாது. வேண்டும்போது உடைத்து வெந்நீரில் ஊற வைக்கலாம். நார் பிடித்துக்கொண்டிருப்பதால் சாதாரண மண்ணைவிட ஊற நேரம் எடுக்கும். ஒவ்வொரு வாளியின் மேலும் மண்ணின் பெயர், காகிதத்தின் சதவீதம், கலந்த தேதி, பிளீச் சேர்த்தீர்களா என்ற நான்கு விவரங்களையும் ஒட்டி வையுங்கள். இரண்டு மாதம் கழித்து எந்த வாளியில் என்ன இருக்கிறது என்பது யாருக்கும் நினைவிருப்பதில்லை.

8. உருவாக்கலும் ஒட்டலும்

காய்ந்த இரு துண்டுகளை ஒட்ட, இரண்டு விளிம்புகளையும் கீறி, இரண்டையும் நீரால் நனைத்து, நீர் உள்ளிழுக்கப்பட்டதும் எடுத்து வைத்த காகிதக் குழம்பைத் தடித்துப் பூசி அழுத்துங்கள். நனைக்காமல் பூசினால் காய்ந்த மண் குழம்பின் நீரை ஒரே இழுப்பில் உறிஞ்சிவிடுவதால் ஒட்டு வெறும் மேலொட்டாக நின்று, பிறகு தூக்கும்போது கழன்றுவிடும். நார் நீரை மண்ணுக்குள் கடத்துவதால்தான் இந்த ஒட்டு சாத்தியமாகிறது. விரிசலுக்கும் இதே முறை: விரிசலைச் சற்று அகலப்படுத்தி, நனைத்து, குழம்பைத் திணித்து, காய்ந்த பின் தேவைப்பட்டால் மறுபடியும் நிரப்புங்கள்.

வெட்டும்போது கம்பியும் ஊசியும் நாரை இழுத்துக்கொண்டு வரும்; கூரான கத்தியால் அழுத்தி வெட்டுங்கள். தட்டையான தகடுகள் ஓரத்தில் மேலெழுந்து வளையும் என்பதால் அவற்றை அடிக்கடி புரட்டி, லேசான பலகை ஒன்றின் அடியில் காய வையுங்கள். காய்ந்த கலத்தை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கும் ஆசையை விட்டுவிட்டு ஈரப் பஞ்சால் துடையுங்கள், தூசி எழாது.

முதல் கலவையிலேயே ஒரு சோதனைத் தகடு செய்து, அதன் மேல் சரியாக 10 சென்டிமீட்டர் நீளக் கோடு கிழியுங்கள். காய்ந்த பின்னும், சுட்ட பின்னும் அந்தக் கோட்டை அளந்து குறிப்பேட்டில் எழுதினால் உங்கள் மண்ணின் சுருக்கம் கையில் வந்துவிடும். மூடி, பொருத்து வேலைகளுக்கு இந்தக் கணக்கு இன்றியமையாதது.

9. காகிதத்துக்குப் பதிலாக வேறு நார்கள்

நைலான் நார் அழுகாது என்பதே அதன் பெரிய நன்மை. கலந்த மண்ணை நீண்ட நாள் ஈரமாகவே வைத்திருக்கலாம். 6 முதல் 12 மில்லிமீட்டர் வரை நறுக்கியதாகப் பார்த்து வாங்குங்கள். நீண்ட இழைகள் முடிச்சு விழும். அளவு மிகச் சிறியது: 5 கிலோ காய்ந்த மண்ணுக்கு 5 கிராம் என்று தொடங்கி, போதாவிட்டால் கூட்டுங்கள். கெட்டி மண்ணில் இதைப் பிசைந்து கலக்க முடியாது. குழம்பில் பிரித்துத் தூவித்தான் கலக்க வேண்டும். நைலான் நீரை உறிஞ்சிக் கடத்தாது என்பதால் காய்ந்ததோடு காய்ந்ததை ஒட்டும் வசதி இதில் இல்லை. விரிசலைத் தாங்குவது மட்டுமே இதன் வேலை. எரியும்போது வரும் புகையும் காகிதப் புகையைவிடத் தீங்கானது. பெரிய சிற்பம் செய்பவர்கள் காகிதத்தையும் நைலானையும் சேர்த்தே கலக்கலாம்.

வைக்கோல், தேங்காய் நார் போன்றவை எரிந்த பின் பெரிய துளைகளை விட்டுச் செல்லும். சொரசொரப்பான உருவங்களுக்கு அது அழகுதான்; நீர் தாங்கும் கலத்துக்கு ஆகாது. கண்ணாடி இழையைத் தவிர்த்துவிடுங்கள். பிசையும் கையில் குத்தி அரிப்பை உண்டாக்குவதோடு, அது எரிந்து போகாமல் சூளையில் உருகி மண்ணோடு கலந்து, மண்ணின் முதிரும் தன்மையையே மாற்றக் கூடும்.

10. சூளை

சூளை வாடகைக்கு எடுப்பவர்கள் மண்ணில் காகிதம் எத்தனை சதவீதம், நைலான் உண்டா, மண் எந்த வெப்பத்தில் முதிரும் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, கலங்களைக் கொண்டுபோகும் முன்பே சூளைக்கு உரியவரிடம் கொடுங்கள். நான் இதைச் செய்யாததால்தான் அவருடைய நம்பிக்கையை இழந்தேன். காற்றுப் போக்கி இல்லாத மின்சூளையில் இந்தப் புகை தேங்கினால் கம்பிச்சுருள்களும் பாதிக்கப்படும். அவர் மறுத்தால் அதில் நியாயம் உண்டு.

கலம் முழுவதும் காய்ந்ததா என்பதைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். குளிர்ச்சி தெரிந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. நார் கலந்த மண் வெடிக்காது என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம். அடைபட்ட நீராவி எந்த மண்ணையும் உடைக்கும்.

தொடக்கத்தில் 100 டிகிரி செல்சியசுக்குச் சற்றுக் கீழே சில மணி நேரம் நிறுத்தி ஈரத்தை வெளியேற்றுங்கள். அங்கிருந்து 600 டிகிரி வரை மணிக்கு 100 டிகிரியைத் தாண்டாமல் ஏற்றுங்கள். காகிதம் 200 டிகிரிக்கு மேல் கருகத் தொடங்கி, 500 டிகிரிக்குள் பெரும்பாலும் எரிந்து தீரும். புகையும் நெடியும் வருவது இந்த இடைவெளியில்தான். அதுவரை சூளையின் துளையடைப்புகள் திறந்திருக்கட்டும், அறையின் சன்னல்கள் திறந்திருக்கட்டும், நீங்கள் அறைக்கு வெளியே இருங்கள். தடித்த சிற்பங்களில் கரி உள்ளேயே தங்கிவிடக் கூடும். 700 முதல் 900 டிகிரி வரையும் நிதானமாக ஏற்றினால் அது எரிய நேரம் கிடைக்கும். அவசரப்பட்டால் உடைத்துப் பார்க்கும்போது நடுவில் கருப்புக் கோடு தெரியும். பிறகு கிளேஸ் என்னும் கண்ணாடி போன்ற மேற்பூச்சைப் பூசிச் சுடும்போது அந்த இடம் உப்பிவிடவும் கூடும்.

கிளேஸ் பூசுவதற்கு முந்தைய முதல் சூட்டை 06-ஆம் எண் கூம்பில் (குறித்த சூட்டில் வளைந்து சூளையின் வெப்பத்தைக் காட்டும் சிறு கூம்பு இது), அதாவது சுமார் 1000 டிகிரியில் நிறுத்துவது வழக்கம். காகிதக் களிமண்ணுக்கு 04-ஆம் எண் கூம்பு வரை, சுமார் 1060 டிகிரிக்கு, நான் கொண்டுபோகிறேன். காரணம், நார் போய்விட்டது, மண் இன்னும் முழுவதும் இறுகவில்லை என்ற இந்த இடைநிலையில்தான் கலம் மிகவும் வலுவற்றது. பசுமண்ணாக இருந்தபோது தூக்கிய துணிச்சலோடு முதல் சூட்டுக்குப் பின் விளிம்பைப் பிடித்துத் தூக்கி, இரண்டு தகடுகளை உடைத்திருக்கிறேன். அடியில் கை கொடுத்துத் தூக்குங்கள்.

11. கிளேஸ் பூசுதல்

நுண்துளைகள் மிகுந்திருப்பதால் முதல் சூடு முடிந்த கலம் கிளேஸை வேகமாக உறிஞ்சும். வழக்கமாக மூன்று நொடி தோய்ப்பவர்கள் இரண்டு நொடியோடு எடுத்துவிடுங்கள், அல்லது கிளேஸைச் சற்று நீர்க்கச் செய்யுங்கள். பூசிய பின் ஒரு நாள் முழுவதும் காய விட்டே சூளையில் அடுக்க வேண்டும், ஏனெனில் உறிஞ்சிய நீர் சுவருக்குள் இருக்கிறது. குறைந்த வெப்பத்தில் முதிரும் மண்ணில் செய்த கலம், கிளேஸ் பூசினாலும், மெல்லிய வெடிப்புக் கோடுகள் வழியே நீரைக் கசிய விடலாம். பூச்சாடியாகப் பயன்படுத்த நினைப்பதை, நீர் ஊற்றி உலர்ந்த காகிதத்தின் மேல் ஓர் இரவு நிறுத்தி வையுங்கள். காலையில் காகிதத்தில் ஈரத் தடம் இருந்தால் அந்தக் கலத்தை உலர்ந்த பொருள்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.